பெண் வீட்டு ஆள்

"இந்தப் பிளேன்ல ஏறினா, அப்புறம் வீட்டுப் படியை மிதிக்காதீங்க அப்பச்சா."

ஜோபி சொன்னது நெடும்பாசேரி விமான நிலைய வாசலில் இருந்த அந்தக் காபிக் கடை முழுக்கக் கேட்டது. அவுசேப்பு நிமிரவில்லை. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இதுக்குப் பேர் காபியாம். பாத்திரம் கழுவின தண்ணி இதைவிடத் திக்கா இருக்கும்."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. பத்திரம் என் பேர்ல இருக்கு. படியை வேணா நீ பேர்த்து எடுத்துக்கோ."

பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்தார். இந்த மாதிரி இடத்தில் யாரையும் நம்ப முடியாது. சொல்லாமல் கிளம்பியவரைக் கோதமங்கலத்திலிருந்து காரில் துரத்தி வந்திருக்கும் மகனை அதைவிட நம்ப முடியாது.

"கிழவனுக்குப் பிரசவம் பார்க்க என்ன தெரியும்? ஊரே சிரிக்கும்."

"லேகியம் கிண்டத் தெரியும். மூணு நாள் கிண்டினது பெட்டியில இருக்கு. பிள்ளையைக் குளிப்பாட்ட வென்னீர் வைக்கத் தெரியும். வேற என்ன தெரியணும்?"

"அப்பச்சா..."

"தாயில்லாத பொண்ணுடா ஷைனி. மஸ்கட்டுல தலைப்பிரசவம். பொண்ணு வீட்டு ஆள்னு ஒருத்தர் பக்கத்துல நிக்க வேண்டாமா? என்னை விட்டா அவளுக்கு யார் இருக்கா?"

"ஏன், அந்த வேத்து சாதிக்காரன் இருக்கானே. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு என் மானத்தைக் கப்பலேத்தினவ. சர்ச்சுல பாதிரி அச்சன் கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கறது?"

"இருக்கிற மூஞ்சியையே வெச்சுக்கோ. அவருக்குப் பழகிப்போச்சு."

ஜோபி குனிந்து பெட்டியின் பிடியைப் பற்றினான். அவுசேப்பு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்பது வருஷம் லாரி ஓட்டிய கை. கொஞ்ச நேரத்தில் ஜோபியின் விரல்கள் தானாக விரிந்தன.

மேசை துடைக்க வந்த கடைக்காரப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"விடுங்க பெரியவரே. அண்ணன் தங்கச்சி மனத்தாங்கல் எந்த வீட்டுலதான் இல்ல? குழந்தை போட்டோவைப் பார்த்தா தாய்மாமன் தானா இறங்கி வந்துடுவார்."

ஜோபி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவுசேப்பு எழுந்தார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தாய்மாமனா?" என்றார் பெட்டியைத் தூக்கியபடி. "நாலு வருஷம் முன்னாடி அவளை அடிச்சு, கட்டின துணியோட வெளியே தள்ளின மொதப் புருஷன்மா இவன்."