காற்று வரும் வீடு

"எம்பொண்ணு குடிவரப் போறா. இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்த வீடுகளிலெல்லாம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள்.

மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது புரோக்கர் போனில் வந்தார். போனில் மட்டும்தான் பழக்கம்.

"அண்ணே, ஒரு வீடு வந்திருக்கு. மாடி, நல்ல காத்து, தண்ணிக் கஷ்டமே இல்ல."

"எங்க இருக்கு?"

"அட்ரஸ் சொன்னா நீங்க நேரா ஓனர்கிட்ட போயிடுவீங்க. நான் விரல் சூப்பிக்கிட்டு நிக்கணும். இப்ப வேற ஒரு பார்ட்டிக்குக் காட்டப் போறேன். அடுத்து நீங்கதான்."

"அவங்களுக்குக் குடுத்துடாதீங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஓனருக்கு ஒரே ஒரு கண்டிஷன். வீட்டுல நோயாளி இருக்கக் கூடாதாம். உங்க வீட்டுல எப்படி?"

தையல்காரர் கட்டிலைப் பார்த்தார். அப்பா கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி யாரும் இல்ல. நானும் பொண்டாட்டியும்தான்."

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப லைன்லயே இருங்கண்ணே. இவங்க வேணாம்னா உடனே உங்களுக்குத்தான். இதோ, வீட்டுக்கு வந்துட்டோம்."

காலிங்பெல் அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் காதில் போனோடு ஓர் ஆள். அவர் பின்னால் ஒரு புதுத் தம்பதி.

"ஓனர் அனுப்பினாரும்மா. வீடு பார்க்கணும்."

அந்தக் குரல் தையல்காரருக்கு வாசலிலிருந்தும் கேட்டது, போனிலிருந்தும் கேட்டது.