ஜீனாவுக்கு இரண்டு கோடு

"அங்கயே நில்லு! ஒரு அடி முன்னால வச்சிராத!"

சுகிர்தபாய் போட்ட சத்தத்தில், சாயாத் தம்ளரோடு வந்த மருமகள் ஜீனா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். இருமியது ஒரே ஒரு தடவைதான். அதையும் அடக்கித்தான் பார்த்தாள்.

"ஒறக்கம் இல்லாத்த இருமலு மாமி. வேற ஒண்ணும் இல்ல."

"அத நீ செல்லாண்டாம். கொரோனா கிட்டு செல்லட்டு. போய் எடு."

சுகிர்தபாய்க்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது, சாதாரண சளிக்காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, உதியன்குளங்கரையில் இருக்கும் அந்த வீட்டில் தும்மியவர் யாரும் கொரோனா கிட்டில் பார்க்காமல் அவள் கட்டிலருகே போனதில்லை. ஜெபிக்க வந்த போதகர்கூட மூக்கில் குச்சியைச் சுழற்றிக் காட்டிவிட்டுத்தான் ஜெபித்தார். அட்டையில் ஒரு கோடு விழுந்தால் உள்ளே வரலாம். இரண்டு விழுந்தால் வந்த வழியே போக வேண்டியதுதான். அந்தக் கோட்டைப் பார்ப்பதும் சுகிர்தபாயேதான். வேறு யார் கண்ணையும் அவள் நம்புவதில்லை.

ஜீனா மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றினாள், குழாயில் முக்கிக் கலக்கினாள், அட்டையின் குழியில் மூன்று சொட்டு விட்டாள். கைகள் தாமாகவே செய்தன. வெளியே சுற்றி வந்து, மாமியாரின் கட்டிலை ஒட்டிய ஜன்னல் படியில் அட்டையை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவளுக்கு ஏது அது? அடுப்பில் கஞ்சி, வாளியில் வாந்தி பட்ட விரிப்புகள். இரவில் நான்கு முறை எழுந்திருந்தாள். முந்தின நாள் அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து கையைச் சுட்டுக்கொண்டாள். பள்ளிக்கூட வேலையை விட்டு எட்டு மாதம். நாத்தனார் அஜிஷா அம்பூரியில்தான் இருக்கிறாள், பஸ்ஸில் வந்துவிடுகிற தூரம். "அடுத்த ஆழ்ச்ச வாறேன் மைனி" என்று ஒவ்வொரு வாரமும் போனில் சொல்வாள்.

"கர்த்தாவே, ரெண்டு கோடாக்கும்! எலே ராஜதாசு, ஓடி வா!"

ஜீனா ஜன்னலுக்கு ஓடினாள். அதற்குள் மாமியார் அட்டையைப் பழைய பேப்பரில் சுருட்டி மகன் கையில் கொடுத்துவிட்டாள்.

"இதப் பிரிக்காம அப்பிடியே கொண்டுபோய் எரிச்சுப்போடு. எட்டி, நீ கிட்ட வராத! மாடிக்குப் போ. அஞ்சு நாளு கீழ எறங்கப்பிடாது."

ஜீனா ஜன்னலை விட்டுப் பின்வாங்கினாள். இரவெல்லாம் மாமியாரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டல்லவா இருந்தாள்! அவளுக்கு ஒட்டியிருந்தால்?

மாடிப்படி ஏறும்போதே கீழே மாமியார் போனில் அலறுவது கேட்டது. "ஒன் மைனி கொரோனா தீனத்தக் கொண்டுவந்து வீட்டுல வச்சிருக்கா. இப்ப வா அஜிஷா. இல்லெண்ணா என்னப் பெட்டியில வச்ச பெறவு வந்து பாரு!"

எட்டு மாதம் கழுவித் துடைத்ததற்கு இந்தப் பேச்சா? அழலாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அழுகை வருமுன் உறக்கம் வந்துவிட்டது.

கண் விழித்தபோது மறுநாள் உச்சிவெயில். கதவுக்கு வெளியே நாற்காலியில் ராஜதாஸ் கஞ்சியும் துவையலும் மூடி வைத்திருந்தான். அஜிஷா வந்திருந்தாள். அவள் மூக்கையும் மாமியார் விட்டுவைக்கவில்லை.

சாப்பிட்டாள், திரும்பவும் படுத்தாள். கீழே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு எழுந்து படியில் கால் வைத்தால் போதும், "கேறிப் போ மேல!" என்று அதட்டல் வரும். என்ன மனுஷி இவள் என்று மனம் கசக்கும். ஆனாலும் படுத்ததும் உறங்கிவிடுவாள். அந்த உறக்கத்துக்காக வெட்கப்படவும் செய்தாள்.

மூன்றாம் நாள் அஜிஷா படியடியில் வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை, கண் இரண்டும் குழி.

"மைனி, ஒத்தைக்கு எப்பிடி இத்தன மாசம் பாத்தீங்க? எனக்கு மூணு நாளுல நடு ஒடிஞ்சு போச்சு." கலைந்த முடியை அள்ளிக் கட்டினாள். "இனி எல்லா ஆழ்ச்சயும் ரெண்டு நாளு நான் வந்து நிக்கேன். சத்தியமாட்டு."

ஜீனா தலையை ஆட்டினாள்.

ஐந்தாம் நாள் காலையில் ராஜதாஸ் புதுக் கிட்டை மேலே கொண்டுவந்து வைத்தான். ஒரே கோடு. ஜீனா அதை எடுத்துக்கொண்டு படபடப்போடு இறங்கி வந்தாள். அஜிஷா கொல்லையில் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். சுகிர்தபாய் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். இன்னும் மெலிந்துபோன மாதிரி இருந்தது.

"ஒரு கோடுதான் மாமி." ஜீனா அட்டையை நீட்டினாள். "ஒங்களுக்கு ஒண்ணும் ஒட்டல்லயே? நான் தந்த தீனத்துல ஒங்களுக்கு வல்லதும் வந்திருந்தா..."

சுகிர்தபாய் கொல்லைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மருமகளைக் கையசைத்துக் கிட்டே அழைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணைக்கும் ஒரு கோடுதான் மக்கா விழுந்துது. அவகிட்ட செல்லிராத."