வெறும் வயிற்றுச் சோதனை

“பிள்ளைகளை வெறும் வயித்தோட வரச் சொல்ற பள்ளிக்கூடத்தை இப்பத்தான் பார்க்குறேன் சிஸ்டர்.”

கருத்தையா நாற்காலியில் உட்காரவே இல்லை. காரைக்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். மகள் கீர்த்தி இங்கே ஏழாம் வகுப்பு.

“ஒரு வாரமா காலையில இட்லியைத் தொட மாட்டேங்குறா. நேத்து பஸ்ஸுல மயங்கிச் சாஞ்சிருக்கா. என்னன்னு கேட்டா, அறிவியல் சோதனைக்கு வெறும் வயிறு வேணுமாம். இது என்ன கூத்து?”

தலைமையாசிரியை சந்தனமேரி சிஸ்டர் ஜெபமாலையை மேசைமேல் வைத்தார்.

“யாரு, வின்சி டீச்சரா?”

“அந்தப் புது டீச்சர்தான். தினமும் வகுப்புல அடுப்பு வச்சுப் பொங்குறாகளாம். பள்ளிக்கூடமா, சாப்பாட்டுக் கடையா? இன்னைக்கே ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி நான் மேல எழுதிப் போட்டுருவேன்.”

வின்சிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போதும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சிஸ்டர் எழுந்து வகுப்புக்கு நடந்தார். கருத்தையாவும் பின்னாலேயே போனார்.

ஏழாம் வகுப்பில் முதல் பீரியட் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் ‘மீள் மாற்றம், மீளா மாற்றம்’ என்று எழுதியிருந்தது. மூலையில் கரண்ட் அடுப்பு. அதன்மேல் சட்டியில் அரிசி கொதித்தது.

“என்ன டீச்சர் இது?”

வின்சி கரண்டியும் கையுமாக நின்றாள்.

“சோதனை சிஸ்டர். உப்பைத் தண்ணியில கரைச்சா, காய்ச்சித் திரும்ப எடுத்துரலாம். அரிசி வெந்து சோறாயிட்டா திரும்ப அரிசி ஆகாது. அது வேதியியல் மாற்றம்.”

“நேத்து என்ன வெந்துச்சு?”

“கோதுமை ரவை.”

“முந்தாநாள்?”

“பாசிப்பயறு.”

“ஒருநாள் செஞ்சு காட்டினாப் போதாதா? எதுக்குத் தினமும்?”

வின்சி சட்டியைத் திறந்து கிளறினாள்.

“நாளைக்கு ஆட்டுக்கறியா டீச்சர்?” என்றார் கருத்தையா. “சொன்னீகன்னா வரும்போதே எலை அறுத்துட்டு வந்துருவேன்.”

இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

“அடுப்பை அணைங்க.”

“ஒரே நிமிஷம் சிஸ்டர். வெந்துரும்.”

“யாரு திங்க?”

“நல்லா வெந்துருச்சான்னு ருசி பார்த்துச் சொல்லணும். காலையில எதுவும் படாத நாக்குக்குத்தான் ருசி சரியாத் தெரியும். அதனால…”

“அதனால பிள்ளைகளைப் பட்டினியா வரச் சொல்றீங்க.”

வின்சி தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் வகுப்பைப் பார்த்தார்.

“இன்னைக்குச் சாப்பிடாம வந்தவங்க கை தூக்குங்க.”

கடைசி பெஞ்சில் அன்னக்கிளி தூக்கினாள். பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி முகத்தில் ஒரு பெருமை. பக்கத்தில் பாண்டீஸ்வரி. சன்னலோரம் அஜித். முன் பெஞ்சில் கீர்த்தி.

“பாத்தீகளா?” என்றார் கருத்தையா.

சிஸ்டர் கடைசி பெஞ்சுக்கு நடந்தார்.

“நீ சொல்லு அன்னக்கிளி. வீட்டுல ஏன் சாப்பிடல?”

அன்னக்கிளியின் கை மெல்ல இறங்கியது. அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

“அவளைக் கேக்காதீக சிஸ்டர்.” வின்சி குறுக்கே வந்து நின்றாள். “நான்தான் சாப்பிடாம வரச் சொன்னேன். எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது.”

“ஒத்துக்கிட்டாகள்ல? அப்புறம் என்ன?” என்றார் கருத்தையா.

சிஸ்டரின் முகம் இறுகியது. “ஆபீசுக்கு வாங்க டீச்சர். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நீங்க கிளம்பலாம்.”

வின்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“டீச்சர் அப்படிச் சொல்லவே இல்ல சிஸ்டர்.” கீர்த்தி எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. “யாரு சாப்பிடலன்னுதான் கேப்பாங்க. என்னைய, ஒழுங்கா வீட்டுல சாப்பிட்டு வாடின்னு திட்டக்கூடச் செஞ்சாங்க. தினமும் அவுக மூணு பேரும்தான் ருசி பாக்குறாக. எனக்கும் ஆசையா இருந்துச்சு. அதான் நானா இட்லி வேணாம்னேன்.”

சட்டி மூடி தடதடவென்று ஆடியது.

அன்னக்கிளியின் அம்மா விடிவதற்கு முன்பே ஆத்தங்குடிக்கு, தரைக்கல் பட்டறை வேலைக்குப் போய்விடுகிறவள் என்பது சிஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவி வின்சியிடம் நீட்டினார்.

“பாருங்க டீச்சர், குழைஞ்சிரப் போகுது.”

கருத்தையா அன்னக்கிளியின் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தட்டு, எப்போதோ கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தது.

“டீச்சர்.” அவர் வின்சி பக்கம் திரும்பினார். “முட்டை வெந்தா, திரும்பப் பச்சை முட்டை ஆகுமா?”

“ஆகாதுங்க.”

“அப்ப அதையும் நடத்தணும்ல? நாளைக்குக் குடுத்து விடுறேன்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“ஏத்தா கீர்த்தி, நாளையிலருந்து நீ வீட்டுலயே இட்லி தின்னுட்டு வரணும். இந்தச் சோதனைக்கு நீ ஆகமாட்டே.”