பெருவாயனும் நங்கூரமும்

துறைமுகத்துக் கோட்டையில் பெருவாயன் என்றொரு பீரங்கி இருந்தது. கோட்டையைப் பிடிக்கக் கடல்வழியே எவன் வந்தாலும், அவனுக்கு மரியாதை வேட்டுப் போட்டுத்தான் அதற்குப் பழக்கம். உருப்படியாகச் சுட்டது ஒரே ஒரு குண்டு. அதுவும் கோட்டைக்கு அரிசி ஏற்றி வந்த சொந்தப் படகின்மேல் போய் விழுந்தது.

அந்தப் படகின் நங்கூரத்தைக் கரையேற்றிப் பெருவாயனுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். நூறு வருஷமாக அது பெருவாயனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள், உதவாத இரும்பையெல்லாம் உலைக்கு அனுப்ப அதிகாரி லாரியோடு வந்து இறங்கினார்.

“மச்சான், எதிரிக் கப்பலோட நங்கூரம்னு சொல்லிடு. ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம்” என்று பெருவாயன் கெஞ்சியது.

“யாருடா உனக்கு மச்சான்? சொந்தப் படகை மூழ்கடிச்ச மூதேவி!”

“சரி, மூதேவிதான். லாரியைப் பார்த்தியா?”

நங்கூரம் பார்த்தது. அதிகாரி கிட்டே வந்ததும், “நான் எதிரிக் கப்பலோட நங்கூரமுங்க. எங்களை மூழ்கடிச்ச வீரர் இவருதான்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

இரண்டையும் மேடை கட்டி நிறுத்தினார்கள். ஆயுதபூஜையும் வந்தது. பெருவாயனுக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. நங்கூரம் தன் முறைக்காக நிமிர்ந்து நின்றது.

காவலாளி திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு, “இதை எது மேலய்யா உடைக்கிறது?” என்று கேட்டான்.

“இதென்னய்யா கேள்வி?” என்றார் அதிகாரி. “எதிரி பக்கத்துலயே நிக்கிறானே!”