உடனே பதில் வேண்டும்

"இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதா? காலில வெந்நீரை ஊத்திக்கிட்டுப் பறக்கறானுங்க!"

பெரியவர் இடது கட்டைவிரலால் மேஜையைத் தட்டினார். மரம் அறுக்கும் பட்டறையில் என்றோ ரம்பம் நடுவே பிளந்து, தையல் போட்டு ஒட்டிய விரல்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் அறை. எதிரே எஞ்சினியர் பெண். பெரியவரின் மனைவி இறந்து இன்றோடு ஒன்பது நாள். தினமும் வந்து, மாடி மாடியாக ஏறி, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: அந்த ஊசியை எப்படிப் போட்டீர்கள்?

"நர்ஸைக் கேட்டா டாக்டருங்கறா. டாக்டரைக் கேட்டா கம்ப்யூட்டருங்கறார். கம்ப்யூட்டருக்கு நீதான் பொறுப்பாம். அந்த மருந்து அவளுக்கு ஆகாதுன்னு காலையில முன்கட்டடத்துல என் கண்ணு முன்னாடிதான் டாக்டர் கம்ப்யூட்டர்ல தட்டினார். துணி எடுக்க வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, பின்கட்டடத்துல உன் பெட்டி 'ஒண்ணுமில்லை, போடு'ன்னிருக்கு. ரெண்டு பெட்டிக்கும் என்ன, பேச்சுவார்த்தை இல்லையா?"

"அப்படித்தான் ஐயா ஆயிடுச்சு" என்றாள் அவள் மெதுவாக. "நோயாளியோட விவரம் அசலா ஒரே இடத்துலதான் இருக்கும். முன்னாடியெல்லாம் எந்தக் கட்டடத்துல கேட்டாலும், மெஷின் அந்த அசலைக் கேட்டுட்டு வந்துதான் சொல்லும். சரியா இருக்கும், ஆனா லேட்டாகும். லைன் கெட்டா நின்னே போயிடும். போன வருஷம் மாத்தினோம். கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு நகல். கேட்டதும் பதில் வந்துடும். தினம் ராத்திரி ஒரு தடவை அசலைப் பார்த்து நகல் தன்னைத் திருத்திக்கும். காலையில தட்டினது அதுவரைக்கும் பின்கட்டடத்து நகலுக்குத் தெரியாது."

"அப்போ ஆளைக் கேட்காம, ஆளோட போட்டோவைக் கேட்டுட்டு ஊசி போட்டீங்க."

அவள் தலை குனிந்தது. "வேகமா சொல்லணும், இல்லேன்னா சரியா சொல்லணும். ரெண்டும் சேர்ந்து அமையலை ஐயா. இப்போ, ஆகாத மருந்தை மட்டும் அசலையே கேட்கற மாதிரி மாத்திட்டேன்."

"இப்போ மாத்திட்டியா? போய்ச் சொல்றேன். அவ எழுந்து வந்து பார்த்துட்டுப் போகட்டும்! கதவைத் திறந்தா யாருன்னு கேட்க வீட்டுல ஆள் இல்லை, பொண்ணே."

அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"வேகம் வேணும்னு உங்களைக் கேட்டது எவன்? அதைச் சொல்லு. அவன் வாசல்ல போய் நின்னு கேட்கறேன், கொஞ்ச நேரம் நிக்கக் கால் வலிச்சுதாடா, இப்ப என் குடியைக் கெடுத்துட்டியேடான்னு!"

"காட்டினா என் வேலை போயிடும்" என்றவள், சற்று யோசித்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். ஒரு ஃபைலிலிருந்து மடங்கிய காகிதத்தை எடுத்தாள். "இந்தப் புகாரைப் பார்த்துட்டுத்தான் மேல இருக்கறவங்க மாத்தச் சொன்னாங்க. பேர் போடலை. யாரையோ விட்டு எழுதி, கைநாட்டு வெச்சிருக்காங்க."

"படி."

"'ஒரு பேரைத் தேட அரை மணி நேரமா? என் மனைவியால் இத்தனை நேரம் வரிசையில் நிற்க முடியவில்லை. கேட்டவுடன் பதில் வர வழி செய்யுங்கள். செய்யாவிட்டால் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.'"

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எவன் எழுதினானோ! கடுதாசியை எல்லாம் நம்ப முடியாது" என்று முனகிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.

காகிதத்தின் அடியில், நீல மையில் பதிந்த கட்டைவிரல் ரேகையை ஒரு தழும்பு மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்திருந்தது.