தட்டாத ரெண்டு கை

கவிதைன்னதும் கொட்டாவி வருதா? வாயை மூடிக்கிட்டு வாங்க. கடைசியில கோந்து அக்கா கண்ணு கலங்கி, படபடன்னு கை தட்டிடுவாங்கன்னு எதிர்பார்க்கிறீங்களா? தட்ட மாட்டாங்க. தலைகீழா நின்னாலும் தட்ட மாட்டாங்க.

அதுலதான் மேனேஜருக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னைக்குத்தான் அவரோட கவிதை பார்சல் ஆபீஸ் சுவர்ல ஏறியிருந்துச்சு. கதவு அகலத்துக்கு ஃபிரேம், மேல கண்ணாடி. முதலாளியம்மாவே நேர்ல வந்துட்டாங்க. கவிதை பிடிச்சிருந்தா எல்லாக் கிளையிலயும் மாட்டுவாங்க, எழுதினவரை ஹெட் ஆபீசுக்குத் தூக்குவாங்கன்னு பேச்சு.

முதலாளியம்மாவுக்கு, பார்சல் அடுக்குற இரும்பு அலமாரி முன்னாடி நாற்காலி போட்டிருந்துச்சு. நாற்காலிக்குப் பின்னாடி, அலமாரியில ஒய்யாரமா சாஞ்சுக்கிட்டு நின்னாங்க கோந்து அக்கா. பார்சல்ல முகவரிச் சீட்டு ஒட்டுறது அவங்க வேலை, அதான் அந்தப் பேரு. தற்காலிக வேலை. நிரந்தரமாக்குறதும் வீட்டுக்கு அனுப்புறதும் மேனேஜர் கையில.

மேனேஜர் தொண்டையைச் செருமினாரு.

"சார், ஒரு நிமிஷம், இந்த அலமாரி..."ன்னு ஆரம்பிச்சாங்க அக்கா.

"மூச்! காலையிலருந்து அதே பாட்டு. அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன்ல? கவிதை முடியிற வரைக்கும் ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது."

படிச்சாரு. சும்மா இல்ல, கையை ஆட்டி, கண்ணை மூடி, குரலை ஏத்தி இறக்கி.

'யாரோ வருவார் என்று நிற்காதே,
அந்த யாரோ நீதான்!
சாய்வது கண்டால் தோள் கொடு,
சத்தமில்லாமல் கொடு!'

கைதட்டல் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. கணக்குப் பாக்குற தம்பி தட்டின தட்டுல அவன் மூக்குக்கண்ணாடியே கழண்டு விழுந்துச்சு. முதலாளியம்மா கூட ரெண்டு தட்டு தட்டினாங்க.

மேனேஜர் கண்ணு மட்டும் அலமாரிப் பக்கமே நின்னுச்சு.

"என்னம்மா, கையை வாடகைக்கு விட்டிருக்கியா?"

"இல்ல சார்."

"கவிதை பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் தட்டல."

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. மேனேஜருக்குக் காது சிவந்துச்சு. முதலாளியம்மா முன்னாடியா இந்த நக்கல்?

கணக்குத் தம்பி கிசுகிசுத்தான். "பேருக்கு ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயேன்க்கா. வேலைக்கே வேட்டு வச்சிருவாரு."

"வைக்கட்டும்டா."

"பாத்தீங்களாம்மா?" மேனேஜர் முதலாளியம்மாகிட்ட முறையிட்டாரு. "அன்பு, பொறுப்புன்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன். இவ கையைப் பின்னாடி வச்சுக்கிட்டு, சாஞ்சு நின்னு வேடிக்கை பாக்குறா! இந்தாம்மா, இப்ப தட்டுற. இல்லன்னா நாளையிலருந்து வராத."

அக்கா நெத்தியில வேர்வை வழிஞ்சுது. குரல்ல மட்டும் ஒரு நடுக்கம் இல்ல.

"வரல சார். ஆனா தட்ட மாட்டேன். நீங்க எழுதினதத்தான் நான் செஞ்சுக்கிட்டு நிக்கிறேன். எழுதினவர் ஒரு தடவை நிதானமாப் படிச்சுப் பாருங்க."

"எனக்கே பாடமா? முதல்ல வெளிய வா!"

மேனேஜர் விறுவிறுன்னு போயி அவங்க தோளைப் பிடிச்சாரு.

அந்த நேரம் பாத்துத்தான் லோடு இறக்கிட்டு உள்ள வந்தாரு வேன் டிரைவர். ஒரு பார்வை பாத்தாரு. கையில இருந்த பொட்டியைத் தொப்புன்னு போட்டாரு.

"ஐயையோ, அக்காவை இழுக்காதீங்க சார்! அம்மா, நீங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் ஓடியாங்க! காலையில என் ஸ்பேனரை வாங்கி, அந்த அலமாரியைச் சுவத்தோட பிடிச்சிருந்த போல்ட்டைக் கழட்டி, அதுலதானே சார் உங்க கவிதையை மாட்டினீங்க!"