இங்கிலீஷில் நாலு திட்டு

"யோவ், நீயெல்லாம் ஒரு மனுஷனா? கார்டை வித்துட்டு டிரைவரை எழுதாம தூங்கறியே, வெக்கமாயில்ல? எழுதும்மா!"

நான் சொல்லச் சொல்ல, பவுலின் இங்கிலீஷில் தட்டிக்கொண்டிருந்தாள்.

யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர் கார்டோடு வந்த ஃப்ளாப்பியில் கம்பெனியின் ஈமெயில் விலாசம் மட்டும் இருந்தது.

விவேக் நகரில் பவுலின் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுகிறாள். வருகிற பார்ட்டி அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்று போய்விடும். போன மாதம் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் அவன் தம்பி பெயர் விழுந்து, ஐந்நூறு பத்திரிகை குப்பைக்குப் போனது.

"கவலையை விடு. புது விண்டோஸ் தொண்ணூத்தெட்டுல ஒரே கம்ப்யூட்டருக்கு ரெண்டு மானிட்டர் வைக்கலாம். ஒண்ணு உனக்கு. ஒண்ணு மேஜைக்கு அந்தப் பக்கம், பார்ட்டிக்கு."

வாக்குக் கொடுத்தவன் நான். கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவது என் பிழைப்பு. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் சண்டை போட்டு, இரண்டாவது மானிட்டருக்கு ஒரு டிஸ்ப்ளே கார்டைப் பாதி விலைக்குப் பிடுங்கி வந்து மாட்டினேன்.

முதல் மானிட்டர் பளிச். இரண்டாவது கறுப்பு.

கார்டில் கோளாறில்லை. விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியவைக்கிற புரோகிராம்தான் டிரைவர். அதில் இந்த ரெண்டு மானிட்டர் சமாசாரத்தையே கம்பெனிக்காரன் சேர்க்கவில்லை.

"பொங்கல் கழிஞ்சா சீசன், அண்ணா. அதுக்குள்ள ஆகலேன்னா செட்டைத் திருப்பி எடுத்துக்குங்க" என்றாள் பவுலின்.

"இந்த உத்தமன் குடுத்த செட்டு ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பினதில்ல. நீ லெட்டரை எழுது!"

எனக்குப் படிப்பு ஏழாவதோடு சரி; இங்கிலீஷ் வராது. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்பது சிட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும்போது கற்றது.

திங்கட்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்து திட்டினேன். பதிலும் வரும்.

"என்னவாம்?"

"பார்க்கறாங்களாம், அண்ணா."

"பார்க்கறானா? சோம்பேறி, ஏமாத்துக்காரன், கோர்ட்டுக்கு இழுப்பேன்னு போடு!"

"கோர்ட்டும் போடணுமா?"

"போடுங்கறேன்ல!"

நான் நாலு வார்த்தை திட்டினால் அவள் பத்து வரி தட்டுவாள். இங்கிலீஷில் ஒருத்தனைத் திட்ட இவ்வளவு வார்த்தை வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாவது வாரம் பதிலோடு டிரைவரும் வந்தது. போட்டேன். மெஷின் அணைந்து எழுந்தது. இரண்டாவது மானிட்டரும் கண்ணைத் திறந்தது!

"பார்த்தியா! நாலு திட்டு திட்டினாத்தான் இவனுங்களுக்கு உறைக்கும்!"

"ஆமாண்ணா, உங்க வாய்க்குப் பயந்துட்டாங்க. இருங்க, காபி வாங்கிட்டு வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. திறந்து கிடந்த அந்தக் கம்பெனிக் கடிதத்தையே மவுஸால் பிடித்து, பவுலின் மானிட்டரிலிருந்து பார்ட்டி மானிட்டருக்கு இழுத்து விட்டேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து அனுஷா வந்தாள். வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை. தன் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க வந்தவள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரில் இருந்ததைப் படித்தாள். கண் விரிந்தது.

"அங்கிள், உத்தமன்ங்கறது நீங்களா? என்ன நல்ல மனசு உங்களுக்கு!"

"எனக்கா? என்ன எழுதியிருக்கான்?"

தமிழில் சொன்னாள்: "'எங்களுக்குத் தினமும் திட்டி எழுதறவங்கதான் அதிகம். என் குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு நான் ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கப்புறம் வாராவாரம் அவளை விசாரிச்சு, கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினதா எழுதினவர் நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காகவே லீவு நாள்ல உட்கார்ந்து இந்த டிரைவரை முடிச்சேன்.'"

வாசலில் காபியோடு பவுலின் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ஒரே வார்த்தை.

"மெழுகுவத்தியா?"

"நிஜமாவே ஏத்தினேண்ணா. குழந்தை இயேசு கோயில்ல. உங்க பேர்லதான்."

காபியை வாங்கிக்கொண்டேன். பவுலின் பத்திரிகையைத் திறந்து அந்தப் பக்க மானிட்டருக்குத் தள்ளினாள்.

"அய்யோ!" என்றாள் அனுஷா. "நான் சிவப்புதானே கேட்டேன்? இது ஊதாவா இருக்கே!"

எட்டிப் பார்த்தேன். பவுலின் மானிட்டரில் அசல் குங்குமச் சிவப்பு. பார்ட்டி மானிட்டரில் கத்தரிக்காய்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. டம்ளரை டக்கென்று வைத்தேன்.

"பவுலின், உட்காரு! எழுது அவனுக்கு!"

"திட்டாண்ணா?"

"நான் சொல்றதை இந்தத் தடவை ஒரு வார்த்தை மாத்தாம போடு. குழந்தைக்கு இப்ப எப்படியிருக்கு, சாப்பிடறாளா, விளையாடறாளா? போட்டியா? அவ நல்லாத் தேறினப்புறம், தயவுசெஞ்சு அந்தச் சிவப்பைச் சரி பண்ணிக் குடுய்யா!"